‘சுருட்டு’ என்னும் சொல்லும் உறையூர்ச் சுருட்டுக் குடும்பங்களின் முன்வரலாறும்

திருச்சி உறையூரின் சுருட்டுத் தொழில் வெள்ளைக்காரத் துரைமாரின் தேவைக்காகப் பிறந்தது, அதை நடத்திய குடும்பங்கள் அந்தச் சந்தையின் பிள்ளைகள் என்பது ஆய்வாளரிடையே ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. அவ்வூர்த் தமிழ்க் குடும்பத் தொழிலகம் ஒன்று ‘ஃபென் தாம்சன்’ என்று பெயர் பூண்டிருப்பதும், 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாவதும் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவை சரக்கு எங்கே விலைபோனது என்பதைச் சொல்கின்றன. கை எங்கே பழகியது என்பதைச் சொல்லவில்லை.

1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னலும் ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் ‘சுருட்டி’லிருந்து வருவித்து, தாம் அறிந்த மிகப் பழைய ஆட்சியாக வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைக் குறித்தனர், காலம் ஏறத்தாழ 1725. சொற்பிறப்புக்கு மட்டுமே பயன்பட்ட இக்குறிப்பைத் தொழில் வரலாற்றுக்கும் சான்றாகப் படிக்கலாம் என்பது என் வாதம். அக்கதையில், ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்றறியக் குருவின் சீடர்கள் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்க்கிறார்கள், அது சீறுகிறது. நகைப்புக்கு வேண்டியது கொள்ளிதான். வழிநடையில் சீடன் கையில் கொள்ளி இருப்பதற்குக் கதை தரும் காரணம், புகையிலைச் சுருட்டைப் பற்றவைப்பது. காரணமாகச் சொல்லப்படுவது, கேட்பவர் ஐயமின்றி ஏற்கும் பொருளாக இருந்தாக வேண்டும். ‘புகையிலை’ என்ற அடை இருப்பதால் பொருள் புதிது என்று சிலர் வாதிடக்கூடும். அடை அதை மற்றச் சுருள்களிலிருந்து பிரிக்கிறதே தவிர, இன்னதென்று விளக்கவில்லை. முனிவர் இத்தாலியர், தம் நாட்டு வழக்கத்தைக் கதையில் புகுத்தியிருப்பார் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆனால் அக்கால ஐரோப்பா பெரும்பாலும் மூக்குப்பொடியும் குழாயும்தான். அங்கே சுருட்டு பரவலானது அரை நூற்றாண்டுக்கும் பிறகு. 1725 தோராயம்தான் என்றாலும், முனிவர் மறைந்த 1747 வரை தள்ளினாலும் இவ்வாதம் அசையாது. அவர் நெடுநாள் வாழ்ந்தது திருச்சி வட்டாரத்து ஏலாக்குறிச்சியில். இது கொண்டு உறையூரையே சுட்டிவிட முடியாது. திசை அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போர்ச்சுக்கீசியச் சொல்லும் இதற்குத் துணைநிற்கிறது. புகையிலையை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். சுருட்டுக்கு அவர்கள் மொழியில் இன்றும் வழங்கும் ‘ஷருட்டு’ தமிழிலிருந்து சென்றது. இலையைக் கொடுத்தவர்கள், சுருட்டிய வடிவத்துக்கு நம்மிடமே பெயர் கேட்டிருக்கிறார்கள். இலை திண்டுக்கல்லிலிருந்து வந்தது, ‘திருச்சி’ வெறும் வணிக முத்திரை என்பார்க்கு நீண்ட மறுமொழி வேண்டாம்: நூல் கர்நாடகத்தது என்பதால் காஞ்சிப் பட்டு காஞ்சிப் பட்டு அல்லாமல் போகவில்லை. நடுநரம்பைக் கிழித்தெடுத்த இலையை உள்ளே வைத்து உருட்டி, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியைப் பசையிட்டு ஒட்டும் வேலைக்குப் பலகையும் கத்தியும் போதும். வீட்டுத் திண்ணையில் அடங்கும் தொழில் இது. குடும்பம் அதன் அலகானதற்கு ஆங்கிலேயச் சந்தையைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அந்தச் சந்தை கொடுத்தது பெட்டியும் பெட்டிமேல் ஒட்டிய பெயரும்.