பிடி அரிசியும் பெயர்ப் பலகையும்

ஓர் ஊரின் வரலாற்றை எங்கே தேடுவது? கோபுரத்துக் கல்வெட்டிலா? கோட்டை மதிலிலா? அடுப்பங்கரைக் கலயத்திலே தேடுங்கள் என்போம் நாம். விருதுநகரின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது!

1923 வரை விருதுப்பட்டி என்று வழங்கிய ஊர் அது. வணிகத்தால் உயர்ந்த நாடார் சமூகத்தார் நிறைந்து வாழ்ந்த ஊர். கையிலே பொருள் இருந்தது; கடையிலே சரக்கு இருந்தது; இல்லாதது ஒன்றே — மனிதன் என்ற மதிப்பு! 1897இல் கமுதிக் கோயிலுள் நுழைந்த நாடார்கள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையே 1899இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. பணம் சேர்ந்தால் இழிவு தானே பறந்துவிடும் என்போர் இந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்!

அடைபட்ட கதவின் முன்னே அழுது நிற்கவில்லை விருதுப்பட்டி. 1880களின் இறுதியிலேயே பள்ளி ஒன்றைத் திறந்தது. வாணிபத்தில் திரண்ட மகமைப் பணம் அதற்கு உரமாயிற்று. அதனினும் பெரிது, பிடி அரிசி! உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தனர் தாய்மார்கள். வீடுதோறும் திரட்டிய அரிசி பள்ளிக்குப் பொருளாயிற்று. எழுத்தறியாத கைகள், எழுத்துக்கு அளித்த காணிக்கை அது!

ஆனால் அந்தப் பள்ளிக்கு வைத்த பெயர் என்ன? ‘க்ஷத்திரிய வித்தியாசாலை!’ கசப்பான உண்மையை மறைப்பானேன்? இழிவைத் தந்த ஏணியை உடைக்க எண்ணாமல், அதே ஏணியில் இரண்டாம் படியில் இடம் கேட்டது அந்தப் பெயர்ப் பலகை. நமக்கு மேலே ஒருவன் கூடாது என்பது நியாயம். நமக்குக் கீழே ஒருவன் வேண்டும் என்பது நியாயமாகுமா?

விடையும் அதே சமூகத்திலிருந்தே எழுந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது அம்மாநாடு! 1931இல் விருதுநகரிலேயே சுயமரியாதை மாநாடு கூடிற்று.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர், 1903இல் பிறந்த காமராசர். தந்தையை இழந்த வறுமை, இளமையிலேயே அவர் படிப்பை நிறுத்திற்று. அவரே 1954இல் முதலமைச்சரானார். அரை நாள் படிப்பு, அரை நாள் குலத்தொழில் என்ற திட்டம் அந்த ஆண்டே வீழ்ந்தது. பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலே பகலுணவு வந்தது. வீட்டுக் கலயத்தில் விழுந்த பிடி அரிசி, நாட்டுப் பள்ளிகளில் சோறாக மலர்ந்தது எனலாமன்றோ?

அதே ஊரில்தான் 1956இல், ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டுக என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் உண்ணா நோன்பு இருந்தார் சங்கரலிங்கனார்; அந்நோன்பாலேயே உயிர் நீத்தார். அப்பெயர் 1969இல் நடைமுறைக்கு வந்தது. 1967இல் அவ்வூர் வாக்காளர்கள் காமராசரையே தோற்கடித்து, சீனிவாசன் என்ற மாணவர் தலைவரைத் தேர்ந்தனர். நன்றி கொன்றனரா? அல்ல! தலைவனையும் எடைபோடக் கற்றுத் தருவதே கல்வி. பள்ளிகளைத் திறந்தவருக்கு இதனினும் கடுமையான, இதனினும் உயர்ந்த சான்று வேறெது?

இளைஞர்களே! ஊர்ப் பெருமக்கள் பட்டியல் எழுதும்போது, பிடி அரிசி தந்த பெயரறியாத் தாய்மார்களை முதலில் எழுதுங்கள். பெயர்ப் பலகை கேட்டது ஒரு சாதியின் உயர்வை. பிடி அரிசி வளர்த்தது ஊரின் அறிவை. எதை நாம் தொடரப் போகிறோம்?