படலை வாசல் மதகு ஆற்றை?



ஒன்பதாம் வகுப்புக் குடியியல் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்கட படலைக்கு முன்னால வடிகானுக்கு மேல அப்பா மதகு கட்டினவர். மதகு எங்கட, வடிகான் சபையின்ர. அப்ப அதாலை போற உரிமை ஆற்றை?" மணி அடித்துவிட்டது. மறுமொழியை இங்கே எழுதுகிறேன், பெற்றோரும் வாசிக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். பரப்பும் குழியும் எல்லையும் எழுதியபின் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று ஒரு வரி வரும். தனியார் காணியில் அந்தச் சின்ன உரித்தைக் கொடுப்பவர் காணிக்காரர், எழுதுபவர் நொத்தாரிசு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகூட நொத்தாரிசு முன் எழுதாவிட்டால் செல்லாது.

பொதுக்காணியில்தான் தலைவலி. அங்கே "காணிக்காரர்" என்ற கதிரையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு காலம் விதானை, உடையார், மணியகாரர். 1946இல் மணியகாரர் போய் டி.ஆர்.ஓ. வந்தார், 1963இல் விதானை போய் கிராமசேவகர் வந்தார். கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்தன. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. பிறகு 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் அரச அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. அரச காணி அலுவல், காகிதத்திலாவது, யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து கரவெட்டிக்குக் கிட்ட வந்தது.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. முதலாவது நாம் வாக்குப் போட்டு அமைப்பது, இரண்டாவது அரசாங்கத்தின் அலுவலகம். சபை பராமரிக்கும் காணியெல்லாம் சபைக்குச் சொந்தமுமல்ல. வீதியும் அப்படித்தான்: உள் ஒழுங்கை சபையின் பொறுப்பு, யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பிரதான வீதி வடிகானுக்குச் சபைத் தவிசாளர் தலையாட்டினால் அது அனுமதி ஆகாது. தன்னிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பது?

ஒவ்வொரு மதகுக்கும் குழாய்க்கும் முழுச்சபையும் கூடவேண்டுமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சபையின் அதிகாரத்தைக் குழுவுக்கோ அலுவலருக்கோ கையளிக்க இடம் கொடுக்கிறது. சின்ன அலுவலை அலுவலர் ஒப்பமிட்டு முடிக்கலாம். ஆனால் கையேற்றவர் தனக்குத் தந்த அளவுக்குள்தான் நடக்கலாம், தன் எண்ணத்தில் அதை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது என்பது பழைய சட்டவிதி. நம் நாட்டில் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரும்வரை பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் முழுச்சபையின் அதிகாரம் ஒரு மேசையில். அந்தக் காலத்தில் அனுமதி எடுத்தவர்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் பெரிய மாமா குடாநாட்டின் ஒரு சந்தையோரம் பெட்டிக்கடை வைத்திருந்தார். இடம் பொதுக்காணி. "போடுங்கோ நானா, ஆர் கேக்கிறது" என்று பொறுப்பானவர் ஒருவர் சொன்னாராம். அவ்வளவுதான் பத்திரம். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் போனார். வருடங்கள் கழித்து வந்து கேட்டபோது, சொன்னவரும் இல்லை, சொன்னதற்குப் பதிவும் இல்லை. 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தால் காணிக்குப் போகமுடியாதவர்களுக்கு எதிராக 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்தை ஆட்சிக்காலமாக எண்ணக்கூடாது என்றது. நல்ல சட்டம். வீட்டுக்காணி உறுதி இருந்த எங்கள் சொந்தங்களுக்கு உதவக்கூடியது. மாமாவின் கடைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் மூன்று விஷயம் கேட்டுவரச் சொன்னேன்: வடிகான் எந்த வீதியினது, அனுமதி எழுத்தில் உண்டா, ஒப்பமிட்டவர் எந்தப் பதவியில் இருந்து ஒப்பமிட்டார்.

மறுநாள் வந்து சொன்னாள்: "கடதாசி ஒண்டும் இல்லையாம், சேர். மேசனுக்குக் கூலி குடுத்த துண்டு மட்டும் கிடக்காம்."