ஏரியும் இளைப்பாறுதலும்: கொடைக்கானல் விழாக்களின் வரலாறு



யூபிலி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை கொடியும் தோரணமும் தேர்ப்பவனியும் சமபந்தி விருந்துமே. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், யூபிலியின் வேர் இன்னும் ஆழமான இடத்தில் இருப்பதைக் காணலாம். ஐம்பதாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். காணியை இழந்தவனுக்கு அது மீண்டும் கிடைக்க வேண்டும். மனிதனுக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் ஓய்வு உண்டு என்பதே அதன் பொருள்.

இந்த ஓய்வைப் பற்றிச் சிந்திக்க, நம்மில் பலரும் கோடை விடுமுறையில் பேருந்து ஏறிச் சென்று வரும் ஓர் ஊரின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். கொடைக்கானலின் ஏரியும், மே மாத மலர்க்கண்காட்சியும், சலேத் அன்னையின் திருவிழாவும் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தால், அங்கே நாம் செலவிடும் இரண்டு நாட்களுக்கும் ஒரு புதிய பொருள் கிடைக்கும்.

நோயிலிருந்து பிறந்த ஊர்

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள பழனி மலையின் மேல்தட்டில், வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர் வாழ்ந்தனர். பளியர் போன்ற பழங்குடியினர் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தனர். பூம்பாறை, வில்பட்டி முதலிய ஊர்களில் உழவுத்தொழில் நடந்தது. 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பவர் இம்மலையை அளந்து சென்றார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். அன்று அவர்களை மலைக்கு விரட்டியது உல்லாச வேட்கையல்ல. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களுடைய குடும்பங்களை வாரிக்கொண்டு போயின. உயிர் தப்பவே மலை ஏறினர்.

நம் கத்தோலிக்கக் குருக்களின் நிலையும் அதுவே. 1838-இல் புதிய மதுரை மறைமாநிலத்தைத் தொடங்க வந்த பிரெஞ்சு சேசு சபைக் குருக்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் இளவயதிலேயே மாண்டனர். எஞ்சியவர்களுக்கு நல்ல காற்றும் சிறிது ஓய்வும் தேவைப்பட்டன. ஆகவே கொடைக்கானல் முதலில் ஒரு நோயாளியின் கட்டில். பிறகுதான் அது சுற்றுலாத் தலம்.

மனிதன் கட்டிய ஏரி

கொடைக்கானல் ஏரியைப் பார்ப்பவர் பலரும் அது இயற்கையாய் அமைந்தது என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது 1863-இல் மதுரைக் கலெக்டராய் இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் ஓடைக்குக் கரை போட்டு உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதில் விடுவதற்கு அவர் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்பர். 1872-இல் மலைவிளிம்பில் கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை அமைந்தது. 1890-இல் படகுக் கழகம் தோன்றியது. 1908-இல் பிரையண்ட் என்னும் வன அதிகாரி ஏரியின் கிழக்கே பூங்கா ஒன்றை அமைத்தார். இன்று 20 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கும் பிரையண்ட் பூங்கா அதுவே.

ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே 'சீசன்'. படகோட்டமும் ஆட்டக்களங்களும் தேநீர் விருந்துகளுமாக அக்காலம் கழியும். ஆனால் அந்த ஓய்வை அவர்கள் அடைந்த வழியை மறக்கலாகாது. அம்மையநாயக்கனூரில் இரயிலை விட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினர். மூட்டை முடிச்சுகளும் மனிதர் தலையிலேயே ஏறின. ஒருவர் இளைப்பாற இன்னொருவர் இளைத்துப்போனார். அன்று ஏரியில் படகு விட்டவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. நாற்காலி சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை.

வாயில்கள் திறந்தன

லாஸ் காட் எனப்படும் மலைச்சாலை 1914-இல் போக்குவரத்துக்குத் தயாரானபோது, தோள்சுமை முடிவுக்கு வரத் தொடங்கியது. 1932-இல் படகுக் கழகம் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. நாடு விடுதலை பெற்றபின், துரைகளின் சீசன் மக்களின் கோடை விழாவாயிற்று. பிரையண்ட் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க்கண்காட்சி. ஏரியில் படகுப் போட்டியும் அலங்காரப் படகு அணிவகுப்பும். கலைநிகழ்ச்சிகள், நாய்க் கண்காட்சி. 2023-ஆம் ஆண்டில் அம்மலர்க்கண்காட்சி 60-ஆவது முறையாக நடைபெற்றது. உதகையில் 1896 முதல் மலர்க்கண்காட்சி நடந்து வருவதை நோக்க இது இளையதே. ஆனாலும் மதுரை, திண்டுக்கல், தேனிச் சீமை மக்களுக்கு இதுவே சொந்த விழா.

இந்த மாற்றத்தை நான் ஒரு நன்மையாகவே காண்கிறேன். ஆலைத் தொழிலாளியும் தன் பிள்ளையைப் படகில் ஏற்றிக் காட்டலாம் என்றால், ஓய்வு என்னும் உரிமை ஒருசிலரின் சொத்தாக இருந்த நிலை மாறிவிட்டது என்று பொருள். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையும் இத்தகையதே. மலைக்கிராமத்து உழவர் கொண்டுவரும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் அங்கே குவியும். அப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இறைவனே அங்கு ஒரு மலர்க்கண்காட்சி நடத்துகிறார். 2006-இலும் 2018-இலும் குறிஞ்சி பூத்து மலை நீலமாயிற்று; அடுத்தது 2030-இல் என எதிர்பார்க்கிறார்கள்.

அழுத அன்னையின் விழா

ஏரி உருவான அதே 1860-களில், தந்தை லூயி சென்சீர் என்னும் சேசு சபைக் குரு இம்மலையில் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், 1846 செப்டம்பர் 19-ஆம் நாள், மெலானி, மாக்சிமின் என்னும் இரு மாடு மேய்க்கும் சிறாருக்கு அன்னை காட்சியளித்தார். முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை மக்கள் மதிக்கவில்லை, தம் மகனின் பெயரை இழிவாய் வழங்குகின்றனர் என்பதே அவருடைய துயரம். அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் கெட்டுப்போகும் கோதுமையைப் பற்றியும் அவர் பேசினார். 1851-இல் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்று அறிவித்தார்.

மலையில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஏழைகளின் வருத்தத்தை அறிந்த தாய் என்பதால்தானோ என்னவோ, பழனி மலை மக்கள் அவரைத் தம் தாயாகவே ஏற்றுக்கொண்டனர். சலேத் அன்னையின் நாள் செப்டம்பரில் வந்தாலும், கொடைக்கானலில் பெருவிழா ஆகஸ்டு 14, 15 தேதிகளில், விண்ணேற்பு நாளையொட்டி நடைபெறுகிறது. மே மாதக் கூட்டம் கலைந்து மலை ஊர் தன் இயல்புக்குத் திரும்பியிருக்கும் காலம் அது. மே விழா வருகிறவர்களுக்கானது; ஆகஸ்டு விழா வாழ்கிறவர்களுக்கானது. சமய வேறுபாடின்றி மலைவாழ் மக்கள் தேருக்கு முன் கூடுகின்றனர்.

1895 முதல் செண்பகனூரில் இயங்கிய சேசு சபைக் குருமடத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். அங்கிருந்த குருக்கள் மலையின் பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து அருங்காட்சியகம் அமைத்தனர். தந்தை கே. எம். மத்தேயு என்பவர் பழனி மலையின் தாவரங்கள் அனைத்தையும் ஆராய்ந்து 1999-இல் பெருநூலாக வெளியிட்டார். படைப்பை அறிந்து போற்றுவதும் வழிபாடே என்பதற்கு அவர்கள் சான்று.

ஏரிக்கும் ஓய்வு வேண்டும்

திறந்த வாயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? அதையும் கொடைக்கானல் கண்டது. விடுதிகள் பெருகின, கழிவுநீர் ஏரியை நாடியது, நெகிழிக் குப்பை சோலைகளில் சேர்ந்தது. 1983 முதல் 2001 வரை அங்கு இயங்கிய வெப்பமானி ஆலை ஒன்றின் பாதரசம் மண்ணில் கலந்தது; ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வுகள் காட்டின. இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் மலைக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. லேவியர் நூல் அன்பாய்ச் சொன்னதை நாம் கேட்கவில்லை. ஆகவே நீதிமன்றம் ஆணையாய்ச் சொல்ல நேர்ந்தது.

மலைக்குப் போகிறவர் குப்பையைத் திரும்ப எடுத்து வரட்டும் என்று சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் நமக்கும் ஏரிகள் உண்டு. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் நம் முன்னோர் கரை எழுப்பிக் கட்டியவையே. அவை பொழுதுபோக்குக்காக அல்ல, நெல்லுக்காக எழுந்தவை. 1964-இல் தொழிற்பேட்டை வந்தபின் வயல் வீடாயிற்று. ஏரி கழிவுநீருக்கு வடிகாலாயிற்று. கொடைக்கானல் ஏரியை நாம் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். நம் வாசலில் உள்ள ஏரிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம்.

யூபிலி ஆண்டில் நம் பங்கு செய்யத்தக்கவை இரண்டு. நம் திருவிழாப் பந்தியிலும் பவனியிலும் நெகிழியை அறவே ஒழிப்போம்; நம் தெருவின் கழிவு ஏரிக்குப் போகாதபடி அன்பியந்தோறும் கவனிப்போம். அடுத்து, ஞாயிறு ஷிப்டில் நிற்கும் தொழிலாளியையும், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரியையும் நினைப்போம். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கிடைக்கும்படி செய்வது நம்மில் சிலருடைய கையில்தான் இருக்கிறது. நாம் இளைப்பாற வேறொருவர் நாற்காலி சுமக்கும் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லும் தகுதி நமக்கு அப்போதுதான் வரும்.

சலேத் அன்னை நம் ஏரிகளையும் நம் உழைப்பாளர்களையும் காத்தருள்வாராக!