மாமன்றம் இல்லாத மாநகராட்சி

சென்னை மாநகராட்சி இயங்கிவரும் வெள்ளைக் கட்டடத்துக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர். 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை, 1884-இலேயே இந்தியாவை விட்டுச் சென்றுவிட்ட ஒரு வைசிராயின் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. ரிப்பன் பிரபுவின் அரசு 1882 மே மாதம் வெளியிட்ட தீர்மானம், ஊர்களின் நிர்வாகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் தரவேண்டும் என்றது. அதனால் நிர்வாகம் உடனே மேம்பட்டுவிடும் என்று அத்தீர்மானம் வாக்களிக்கவில்லை. மக்கள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் அரசியல் பயிற்சியைப் பெறுவார்கள் என்பதே அதன் முதன்மையான வாதம்.

2020 மார்ச்சில் கொரோனாக் கிருமி தமிழகத்துக்குள் நுழைந்தபோது, அந்த ரிப்பனின் பெயரைத் தாங்கிய மாளிகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மேயர் இல்லை. 200 வட்டங்களில் ஒன்றுக்கும் கவுன்சிலர் இல்லை. நூற்றாண்டில் ஒருமுறை வரும் பெருந்தொற்றை, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி, மாமன்றம் இல்லாமலே எதிர்கொண்டது. நோயின் எண்ணிக்கைகளும் ஊரடங்கின் துயரங்களும் பேசப்பட்ட அளவுக்கு இந்த உண்மை பேசப்படவில்லை. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்று வேண்டியிருந்தது மக்களாட்சி அன்று, வரி. கோட்டைக்கு வெளியே பெருகிவந்த கருப்பர் நகரத்திடமிருந்து பணம் திரட்ட, அந்நகரத்தாரில் சிலரையும் உள்ளடக்கிய ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. அங்கிருந்து தேர்தல் வழியே அமையும் மாமன்றம் என்ற நிலைக்கு வந்துசேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் மாநகராட்சியை ஒரு நிர்வாக அமைப்பாக வளர்த்ததில் கொள்ளைநோய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வாந்திபேதி ஆண்டுதோறும் வந்துபோன நகரம் இது. கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்த ஊருக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் 1872-இல் கொண்டுவரப்பட்டது. அந்நீரை வடிகட்டித் தரும் கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-இல் வந்தது. பிளேக் பரவிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு இயற்றிய 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் 2020-இலும் பயன்பட்டது. நோய் கண்ட பகுதியிலிருந்து வரும் பயணிகளுக்குச் சென்னை மாகாணம் அன்று அளித்த பிளேக் பாஸ்போர்ட்டை அறிந்தவர்களுக்கு, மாவட்ட எல்லைகளில் கேட்கப்பட்ட இ-பாஸ் புதிதாகத் தோன்றியிருக்காது. நாட்டுக்கே முன்னோடியான 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தித்தான் 2020 செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவர்களிடம் தண்டம் வசூலிக்க வழி செய்தார்கள். கருவிகள் பழையவை. அவற்றைக் கையாளும் கைகள் யாருடையவை என்பதே கேள்வி.

கைகள் மாறிய வரலாறு சுருக்கமானது. 1973-இல் போலி வருகைப் பதிவேட்டு ஊழலை ஒட்டி மாமன்றம் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் என்றால் பழைய சென்னைவாசிகளுக்குப் புரியும். அதன்பின் 23 ஆண்டுகள், 1996 வரை, சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. ஒரு தலைமுறை கவுன்சிலர் என்ற சொல்லையே மறந்து வளர்ந்தது. இந்நிலை இனி வரலாகாது என்றுதான் அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளின் பதவிக்காலம் ஐந்தாண்டு. அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பொதுச் சுகாதாரம், சுடுகாடு இடுகாடுகள், பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய மூன்றும் அத்திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பணிகளாக இடம்பெற்றிருக்கின்றன. இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கைகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மறு தேர்தல் பல காரணங்களால் தள்ளிப்போயிற்று. தனி அலுவலர் நியமிக்கப்பட்டார். மாநகராட்சி ஆணையரே தனி அலுவலர். அதாவது கருத்துருவை முன்வைப்பவரும் அவரே, மாமன்றத்தின் இடத்தில் அமர்ந்து அதற்கு ஒப்புதல் வழங்குபவரும் அவரே. கொரோனா வந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு மூன்றரை வயது ஆகியிருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, 2020 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றிருந்தார்கள். ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வெளியாரைத் தடுத்த சிற்றூரில்கூட, அது சரியா தவறா என்று கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இருந்தார். தலைநகரில் அப்படி ஒருவர் இல்லை.

*

மாநகராட்சி வாளாவிருந்தது என்று இதற்குப் பொருளன்று. அதன் ஊழியர்கள் செய்த பணி பெரிது. வீடுவீடாகச் சென்று காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் அமர்த்தப்பட்டனர். 2020 மே மாதம் முதல் தெருமுனைகளில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் நோயாளிகளுக்கான படுக்கைக் கூடமாயிற்று. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை நகரம் மீண்டும் முழு ஊரடங்கில் இருந்தபோது, மாநகராட்சி 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் விலையின்றி உணவளித்தன. நோயை மருத்துவமனையில் காத்திருந்து எதிர்கொள்ளாமல் தெருவுக்குச் சென்று தேடிய இம்முறை பயன் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சில இடங்களில் ஏதோ ஒன்று இல்லாதது வெளிப்பட்டது. ஏப்ரல் இறுதியில் நான்கு நாள் கடும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முந்தின நாள் கோயம்பேடு சந்தையில் மக்கள் திரண்டார்கள். சந்தையோ மாநகராட்சியின் ஆளுகையில் உள்ளதன்று. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தைச் சார்ந்தது. வணிகரும் சுமைதூக்குவோரும் ஊர்களுக்குத் திரும்ப, கிருமியும் அவர்களோடு பல மாவட்டங்களுக்குச் சென்றது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஓர் ஆணையை எழுதுமுன், அதைக் கேட்டதும் சாதாரணக் குடும்பம் என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நான்கு நாளுக்குக் காய்கறி கிடைக்காது என்றால் முதல் நாள் எல்லோரும் சந்தைக்குத்தான் போவார்கள். வட்டத்தில் வாக்குக் கேட்டு நடந்த எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

இரண்டாவது, இடுகாடு. ஏப்ரல் நடுவில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைத் தகனம் செய்ய அம்பத்தூரில் எதிர்ப்பு எழுந்தது. சில நாள் கழித்து, ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடல் கீழ்ப்பாக்கத்திலிருந்து திருப்பப்பட்டு வேலங்காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடிகள் நொறுங்கின. மாநகராட்சி ஊழியர்கள் அடிபட்டார்கள். இறுதியில் காவலர் துணையோடு சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளிக் குழியை மூடவேண்டி வந்தது. புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்ற வதந்தியே இத்தனைக்கும் காரணம். அதன்பின் அரசு, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் நள்ளிரவில் கூடும் கூட்டத்தின் நடுவே போய் நின்று, பெயர் சொல்லி அழைத்து, ‘என்னய்யா செய்கிறீர்கள்’ என்று கேட்கக்கூடியவர் அதிகாரியல்லர். அவரைக் கூட்டத்துக்குத் தெரியாது. அவருக்கும் கூட்டத்தைத் தெரியாது. கவுன்சிலர் இருந்திருந்தால் அந்தக் கல்லெறி நடந்திராது என்று உறுதி கூற யாராலும் முடியாது. அழைக்கத்தக்க ஓர் ஆள் அங்கே இல்லை என்பது மட்டும் உறுதி.

அந்த வெற்றிடத்தை நிரப்ப அரசும் முயன்றது. மண்டலங்களுக்கு மூத்த அதிகாரிகளும், ஜூன் மாதத்தில் ஐந்து அமைச்சர்களும் பொறுப்பாக்கப்பட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் தேவையை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் ஜூன் 10 அன்று தொற்றுக்குப் பலியானார். இந்நோய்க்கு இந்தியாவில் இறந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்.

*

மூன்றாவது, இறந்தவர்களின் கணக்கு. இதுவே என் பார்வையில் மிக முக்கியமானது.

2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அரசு நாள்தோறும் வெளியிட்ட எண்ணிக்கைக்கும் இடையே வேறுபாடு இருப்பது வெளியே தெரிந்தது. ஆராயக் குழு அமைக்கப்பட்டது. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகள் சென்னையின் கணக்கில் சேர்க்கப்பட்டன. இவர்கள் ஊரறியாமல் இறந்தவர்களல்லர். மருத்துவமனையில் இறந்தார்கள், சுடுகாட்டில் பெயர் எழுதப்பட்டது, சான்றிதழும் தரப்பட்டிருக்கும். ஆயினும் நாட்டின் கணக்கில் அவர்கள் சில வாரங்கள் சாகாமலே இருந்தார்கள்.

இறந்தவர்களை எண்ணுவது மாநகராட்சியின் மிகப் பழைய கடமைகளுள் ஒன்று. 200 வட்டங்களுக்கும் உறுப்பினர்கள் இருந்திருந்தால், தம் தெருவில் இத்தனை சாவு விழுந்திருக்க அறிக்கையில் ஏன் குறைகிறது என்று ஒருவராவது மாமன்றத்தில் எழுந்து கேட்டிருப்பார். எதிர்க்கட்சிக்காரர் அரசியலுக்காகவே கேட்டிருப்பார். அதனாலென்ன? கேள்விக்குத் தூய நெஞ்சம் தேவையில்லை. கேட்பதற்கு ஓர் இடமும், பதில் சொல்லியாக வேண்டிய ஒருவரும் இருந்தால் போதும்.

அப்படிக் கேட்கப்படும் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறும் என்பதும் இங்குப் பொருட்படுத்தத் தக்கது. பழைய மாமன்றங்களின் நடவடிக்கைகளைப் புரட்டும் ஆய்வாளனுக்கு, நகரம் தன்னோடு தானே வாதிட்ட குரல்கள் கேட்கும். 2020-ஐ ஆராய வருபவனுக்கு ஆணைகளும் செய்திக் குறிப்புகளும் கிடைக்கும். மறுப்பின் குரல் நாளேடுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மட்டுமே கிடைக்கும். தனி அலுவலர் தம்மோடு தாமே விவாதிப்பதில்லை.

*

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். நம் திரைப்படங்களில் கவுன்சிலர் என்றாலே கைநீட்டுபவர்தான். 1973-இன் ஊழல் கற்பனையன்று. மும்பையில் அக்காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தும், தாராவியில் நோயைக் கட்டுப்படுத்தியதற்கான பெயர் அங்கும் அதிகாரிகளுக்கே போய்ச் சேர்ந்தது. நெருக்கடியில் வேகம் வேண்டும், விவாதம் கூடாது என்று சொல்வோரும் இருக்கிறார்கள்.

பின்னால் நடந்ததையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. கைதட்டினோம், பூத்தூவினோம். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்து, மார்ச் 4 அன்று ஆர். பிரியா மேயராகப் பதவியேற்றார். ஐந்தரை ஆண்டுக்குப் பின் மாமன்றம் கூடியது. ஆனால் 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து அந்தத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்து, ஓர் இரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 2020-இல் நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய மண்டலங்களுள் ஒன்று இராயபுரம். அங்கே அள்ளியவர்களும் இவர்களே. இம்முறை உள்ளே மாமன்றம் இருந்தது.

ஆகவே மாமன்றம் இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று வாதிட நான் முற்படவில்லை. இருக்கும் மன்றம் தவறினால், யார் தவறினார் என்று சொல்ல முடியும். எந்த வட்டத்துக்காரர் எழுந்து பேசினார், எவர் பேசாதிருந்தார் என்று குறித்துவைக்க முடியும். அடுத்த தேர்தலில் அதற்குக் கணக்குக் கேட்க முடியும். இல்லாத மன்றத்திடம் எதைக் கேட்பது? ரிப்பன் பிரபுவின் தீர்மானம் நல்ல நிர்வாகத்தைவிடப் பயிற்சியை முன்னிறுத்தியதன் பொருள் இதுவே. அந்தப் பயிற்சி இரண்டு முறை, மொத்தம் 28 ஆண்டுகளுக்கு மேல், இந்நகரத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாம் முறை நிறுத்தப்பட்டிருந்தபோதுதான் அது மிகவும் வேண்டியிருந்தது. அந்த 444 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் இருந்தது. கணக்கில் விடுபட்ட அந்நாட்களில் அவர்களுக்காகக் கேட்கும் கடமை யாருடையதாகவும் இல்லாமல் போயிற்று.