பிரேக்ல ஏர் எடுக்கிறதுக்குப் பின்னாடி ஒரு 50 வருஷக் கதை

காரில் பிரேக் ஹோஸ், காலிப்பர், வீல் சிலிண்டர், இதில் எதை மாற்றினாலும் மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்வார்: "ஏர் எடுக்கணும்." ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருத்தர் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு, "மிதி... மிதி... அப்படியே புடி" என்று குரல் கொடுப்பார். ஒரு சின்ன நிப்பிளைத் திறந்ததும், டியூப் வழியா பிரேக் ஆயிலும் காற்றுக் குமிழும் சேர்ந்து வெளியே வரும். நிப்பிளை மூடிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து.

இதை வீட்லயே செய்யலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வர்றேன். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. ஒரு டன்னுக்கு மேல எடையுள்ள வண்டியை நிறுத்துற பொறுப்பை, இவ்வளவு இரும்பு கையில் இருக்கும்போது, ஒரு டம்ளர் திரவத்தை நம்பி ஏன் கொடுத்தோம்? அந்த நம்பிக்கை சும்மா வரல. கிட்டத்தட்ட 50 வருஷம் ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

கம்பிகளின் காலம்

ஆரம்ப காலக் கார்களில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது இரும்புக் கம்பியும் கேபிளும்தான். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் கால் பிரேக் சக்கரத்தைத் தொடவே தொடாது. கியர் பாக்ஸைத்தான் இறுக்கிப் பிடிக்கும். முன் சக்கரத்துக்கும் பிரேக் வைக்கலாம் என்று சிலர் சொன்னபோது, வண்டி நிலைதடுமாறிடும் என்று பயந்த கம்பெனிகள் நிறைய.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பி போனால், நாலும் ஒரே அளவு இழுக்கணும். ஒண்ணு கொஞ்சம் டைட்டா இருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் திரும்பிடும். முன் சக்கரம் ஸ்டியரிங்கோடு திரும்பும், குழியில் ஏறி இறங்கும். அப்போதெல்லாம் கம்பியோட இழுவையும் மாறும். இதை அடிக்கடி அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருக்கணும்.

விமானம் கட்டியவரின் பிரேக்

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர் மால்கம் லாக்ஹீட். அண்ணன் தம்பிகளான ஆலனும் மால்கமும் சேர்ந்து கட்டிய கடல் விமானம், 1913-ல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா மேலே பறந்தது. அவங்க குடும்பப் பெயரோட எழுத்தைப் பார்த்து எல்லாரும் தப்பா உச்சரிச்சதால, பிற்பாடு உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி எழுத்தையே மாத்திக்கிட்டாங்க. ஆமா, 1926-ல் ஆலன் சேர்ந்து தொடங்கிய லாக்ஹீட் விமானக் கம்பெனியோட அதே பெயர்தான்.

மால்கம் 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1919-ல் டெட்ராய்ட்டில் கம்பெனி தொடங்கினார். ஐடியா என்னவோ பழசு. 17-ம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்னது: மூடிய இடத்தில் இருக்கிற திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போகும். அப்போ பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்பிக்குப் பதிலா, திரவம் நிறைஞ்ச குழாய் போட்டால்? நாலு சக்கரத்துக்கும் சம அழுத்தம். பேலன்ஸ் செய்கிற வேலையைத் திரவமே பார்த்துக்கும்.

1921-ல் இரண்டு விஷயம் நடந்தது. டூசன்பெர்க் கம்பெனி, நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த மாடல் ஏ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஜூலையில், பிரான்ஸில் லெ மான் ஊரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ. ரோடு முழுக்கக் கல் பெயர்ந்து கிடந்தது. பயிற்சியில் அடிபட்டு, உடம்பில் கட்டோடு வந்த அமெரிக்க டிரைவர் ஜிம்மி மர்ஃபி, ஹைட்ராலிக் பிரேக் வைத்த டூசன்பெர்க்கை ஓட்டி ஜெயித்தார். இரண்டாவதா வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி சுமார் 15 நிமிடம். வளைவுக்குக் கொஞ்சம் லேட்டா பிரேக் பிடிக்க முடிகிறவருக்கு, ஒவ்வொரு வளைவிலும் லாபம்.

விளக்கெண்ணெயும் ஃபோர்டின் பிடிவாதமும்

ஆனா பந்தயக் கார் வேற, தினமும் ஓடுகிற கார் வேற. ஆரம்ப ஹைட்ராலிக் பிரேக் கசிஞ்சுது. சிலிண்டருக்குள்ள சீலா இருந்தது தோல். அது காயும், சுருங்கும். 1924-ல் முதல் கிரைஸ்லர் காரை வெளியிடுவதற்கு முன்னால், வால்டர் கிரைஸ்லரோட பொறியாளர்கள் உட்கார்ந்து தோலுக்குப் பதில் ரப்பரைக் கொண்டுவந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் சாதாரண விலைக் காரில் இது நிலைச்சுது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் என்ன இருந்தது தெரியுமா? ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும். நம்ம பாட்டி வயித்துக்குக் கொடுக்கிற அதே விளக்கெண்ணெய்தான்.

ஹென்றி ஃபோர்டு மட்டும் மசியல. பெடலில் இருந்து சக்கரம் வரை இரும்பு, அதுதான் பாதுகாப்பு என்று அவர் கம்பெனி விளம்பரம் செய்தது. செவர்லே 1936-லேயே ஹைட்ராலிக்குக்கு மாறிடுச்சு. ஃபோர்டு மாறியது 1939 மாடலில்.

ஃபோர்டைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அவர் பயம் முட்டாள்தனமா தெரியல. நாலு கம்பியில் ஒண்ணு அறுந்தால் மீதி மூணு இருக்கும். அன்றைய ஹைட்ராலிக் பிரேக்கில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஏதாவது ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இதுக்கு விடை, மாஸ்டர் சிலிண்டரை இரண்டாப் பிரிச்சு, ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கிற மாதிரி செய்வது. அமெரிக்காவில் கேடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸும் 1962 மாடல்களில் இதைக் கொண்டுவந்தாங்க. 1965-ல் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளின் அலட்சியத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார், 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி முதல் புதுக் கார் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். ஃபோர்டு விட்டுக்கொடுத்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சுதான் அவர் பயத்துக்குச் சட்டம் பதில் சொன்னது.

அதே 1962-ல்தான் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கிர்லிங்கும் சேர்ந்த கூட்டு முயற்சி. நம்ம ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'கிர்லிங்' என்ற பெயரை இன்னைக்கும் பார்ப்பது அதனால்தான்.

காற்று ஏன் எதிரி?

ஒரு ஊசி போடாத சிரிஞ்சில் தண்ணி நிரப்பி, வாயை விரலால் அடைச்சு அழுத்திப் பாருங்க. அசையாது. காற்றை மட்டும் வைத்து அழுத்துங்க. பாதி வரை உள்ளே போகும். பாஸ்கல் விதி காற்றுக்கும் பொருந்தும். ஆனா காற்று அமுங்கிடும். நீங்க மிதிக்கிற தூரம் முழுக்கக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகும், சக்கரத்துக்குப் போதுமான அழுத்தம் போகாது. "பெடல் பஞ்சு மாதிரி இருக்கு" என்று சொல்வது இதைத்தான்.

காற்று வெளியில் இருந்து மட்டும் வராது. இன்றைய டாட் 3, டாட் 4 ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் தண்ணி கலந்தால், அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினால் அந்தச் சூட்டை எட்டலாம். ஆயில் கொதிச்சு ஆவியாகும். ஆவியும் அமுங்கும். நேற்று வரை கல்லு மாதிரி இருந்த பெடல் தரைக்குப் போயிடும். அதனாலதான் எந்த பார்ட்டையும் மாற்றாவிட்டாலும், சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றச் சொல்றாங்க.

சரி, வீட்ல செய்யலாமா?

இரண்டு பேர் இருந்தால் பழைய வண்டிகளில் செய்யலாம். வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க, வெறும் ஜாக்கியை நம்பாதீங்க. சீல் பிரிக்காத புது பாட்டில்தான் வேணும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்று மேனுவல் சொல்லும். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமா இருக்கிற சக்கரம்தான், நம்ம ஊர் காரில் பின்பக்க இடது. டியூபோட இன்னொரு முனை, கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள்ள முங்கி இருக்கணும். கீழே இருக்கிறவர் நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருக்கிறவர் காலை எடுக்கணும். மாறிப்போச்சுன்னா வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துடும். ரிசர்வாயர் எந்த நேரத்திலும் காலியாகக் கூடாது. பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

ஏபிஎஸ் இருக்கிற பல வண்டிகளில், அந்த யூனிட்டுக்குள்ள மாட்டிய காற்றை எடுக்க ஸ்கேன் டூல் வேணும். அதைச் சர்வீஸ் சென்டருக்கு விட்டுடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் பெடலை அழுத்திப் பிடிங்க. லேசா ஒரு தடவை இறங்கி நின்னா அது பூஸ்டரோட வேலை, நல்லது. மெதுவா இறங்கிக்கிட்டே இருந்தால் எங்கேயோ கசியுது. பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் காற்று இருக்கு. இரண்டில் எது நடந்தாலும் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.