பொடி டப்பிக்குள் ஒரு வீடு

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு அரிது. சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலை மணக்கும் அப்பித்தளைப் பெட்டிகளில் கொடி இருக்கும், பூ இருக்கும், முஸ்லிம் இல்லங்களில் உயிருருவம் இராது. மார்க்கம் விலக்கியதை நம் முன்னோர் புழங்கு பண்டங்களிலும் விலக்கி வாழ்ந்தனர். அதனைக் குறையென நாம் கூறமாட்டோம். ஆயினும் அவ்வீட்டார் எங்கே அமர்ந்தனர், எவ்விடத்தில் எழுதினர், விருந்தினரை எவ்வாறு வரவேற்றனர் என்பதை அப்பெட்டி நமக்கு உரைப்பதில்லை.

உரைக்கும் பெட்டி ஒன்று பாரிஸ் மாநகரின் லூவ்ர் காட்சியகத்தில் உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் பொன்னாலான மூக்குப்பொடி டப்பி அது. 1770-71இல் லூயி ரூசெல் என்னும் பொற்கொல்லர் செய்தார். அதன் ஆறு பக்கங்களிலும் ஓவியர் வான் பிளாரன்பெர்க் வரைந்த நுண்ணோவியங்கள் பதிக்கப்பெற்றுள்ளன. அவற்றில் நாம் காண்பவை போர்க்களமோ வேட்டையோ அல்ல. பிரெஞ்சு அமைச்சர் ஷுவாசல் பிரபுவின் இல்லமே அங்கு விரிகிறது. படுக்கையறை, எழுத்தறை, நாற்காலி, திரை, சுவரில் மாட்டிய படங்கள் யாவும் நகத்தளவில் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வில்லம் மனைவி வழிச் செல்வமாக அவருக்கு வந்தது என்பது சுவையான செய்தி!

1770 டிசம்பரில் மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கித் தம் பண்ணைக்குப் போகச் சொன்னார். கடன் நெருக்கவே, 1772இல் படங்கள் ஏலம் போயின. சுவர்கள் வெறுமையாயின, டப்பியில் மட்டும் அவை நிறைந்தே இருக்கின்றன. எந்தப் படம் எச்சுவரில் இருந்தது என்பதை அறிஞர்கள் அதைக் கொண்டே கண்டறிந்தனர்.

இந்த ஷுவாசலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு எனலாம். 1761 முதல் 1766 வரை பிரான்சின் படையும் கடற்படையும் அவர் கையில் இருந்தன. அதே காலத்தில்தான், 1763இல், மதுரைக் கோட்டையில் கான் சாகிபு யூசுபு கான் கிழக்கிந்தியக் கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியை உயர்த்தினார். நம் பள்ளத்தாக்கும் அம்மதுரைச் சீமையைச் சேர்ந்ததே. பிரெஞ்சுத் தளபதி மர்ஷான் அவருக்குத் துணையாக வந்தார். முடிவில் காட்டிக்கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். தொழுகையில் இருந்தபோது கான் சாகிபு பிடிக்கப்பட்டார் என்பர். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார்.

அவருக்கும் ஓர் இல்லம் இருந்தது. மனைவி இருந்தார், சிறு மகன் இருந்தான். அம்மகன் விளையாடிய முற்றத்தை எவரும் பொன்னில் பதித்து வைக்கவில்லை. அவர் வசூலித்த வரியும் அவர் நடத்திய முற்றுகைகளும் கம்பெனிக் கடிதங்களில் பக்கம் பக்கமாக உள்ளன. அவர் பகல் உணவை யாருடன் அமர்ந்து உண்டார் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஷுவாசலின் நாற்காலியை அறிந்த நாம், நம் சீமையை ஆண்டவரின் பாயை அறியோம். இது நமக்கு உறுத்துகிறது.

எஞ்சியது அடக்கத்தலம் மட்டுமே. உடலைத் துண்டித்து ஊர்தோறும் அனுப்பினர்; கால் ஒன்று பெரியகுளத்தில் அடங்கியுள்ளதாக மக்கள் கூறுவர். மதுரை சம்மட்டிபுரத்தில் உடல் அடங்கிய இடத்தின்மேல் 1808இல் சிறிய சதுரப் பள்ளி எழுந்தது. கான் சாகிபு பள்ளிவாசல் என்பது அதன் பெயர். மதுரையிலிருந்து தேனிக்கு வரும் சாலையில், காளவாசல் அருகே இடப்புறம் உள்ளது. பேருந்து அவ்விடத்தைக் கடக்கையில் நாம் ஒரு ஃபாத்திஹா ஓதுவது வழக்கம்.