மேற்கோள் எண்ணிக்கையில் அடங்காத ஓர் ஆய்வு: தொற்றுநோய் ஆய்விதழ்களின் கதை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குப் பக்கத்தில், பாக் நீரிணைக் கரையில் இருக்கும் ஊர் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம் என்பதால் இன்று வெளியூர்க்காரர்கள் பலருக்கும் தெரிந்த பெயர். கடலை நம்பி வாழும் இந்த ஊரில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் என்ன நடக்கும்? சளியைப் பரிசோதிப்பார்கள். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை என்றால் அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகளை 6 மாதம் தவறாமல் சாப்பிட வேண்டும். வீட்டிலேயே இருக்கலாம். உடம்பு தேறியதும் கடலுக்கும் போகலாம்.

இது ஏதோ இயல்பான விஷயம் போலத் தோன்றும். ஆனால் 1950களின் தொடக்கம் வரை இப்படி இல்லை. காசநோய்க்காரர் என்றால் ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் எண்ணம். தாம்பரம் சானடோரியம் காரங்காட்டிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே இடம் கிடைத்தாலும் அத்தனை மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

அந்த நிலையை மாற்றியது 1959ல் ஓர் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. ஆய்வு நடந்தது நம் சென்னையில்! இன்று ஓர் ஆய்விதழின் மதிப்பையும் ஆய்வாளரின் மதிப்பையும் மேற்கோள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரை எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கும் முன், ஆய்விதழ்களின் கதையைத் தெரிந்து கொள்வது அவசியம்.

பெயரிலேயே தெரியும் போக்கு

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று 1911ல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தொடங்கப்பட்டது. இதுவே 1949ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) என்று பெயர் மாறியது. இதன் ஆய்விதழான 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' 1913ல் பிறந்தது. மலேரியா, காலரா, பிளேக், காலா அசார் ஆகியவை மக்களைக் கொன்று குவித்த காலம் அது. இதழின் பக்கங்களையும் இந்த நோய்களே பெருமளவு நிரப்பின.

ஓர் ஆய்விதழின் போக்கு காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதற்கு இன்னொரு இதழின் பெயரே சாட்சி. 1938ல் அது 'ஜர்னல் ஆஃப் தி மலேரியா இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா'. 1947ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மலேரியாலஜி'. 2003ல் 'ஜர்னல் ஆஃப் வெக்டார் போர்ன் டிசீசஸ்', அதாவது கொசு போன்ற உயிர்கள் பரப்பும் எல்லா நோய்களுக்குமான இதழ். மலேரியாவுக்கு மட்டும் என்று இருந்த இதழுக்குள் டெங்கு, சிக்குன்குனியா, யானைக்கால் நோய் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்பதைப் பெயர் மாற்றமே சொல்லிவிடுகிறது.

எண்ணத் தொடங்கியவர்கள்

நூல்களையும் வாசிப்பையும் எண்களால் அளக்கலாம் என்ற யோசனையில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. சீர்காழியில் 1892ல் பிறந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் துறைக்கு 1948ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைத்தார்.

அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட் 1955ல் வேறொரு யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையைப் பிற்காலத்தில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிட்டால், ஓர் எண்ணம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடரலாம் அல்லவா? இதிலிருந்து 1960களில் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வந்தது. 1970களில் ஆய்விதழ்களைத் தரவரிசைப்படுத்தும் ஆண்டறிக்கையும் வந்தது. 'இம்பாக்ட் ஃபேக்டர்' எனும் தாக்க மதிப்பு உலகம் முழுக்கப் பரவியது இப்படித்தான்.

கணக்கு எளிது. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக் கொள்வோம். இந்த ஆண்டில் அவை 300 முறை மேற்கோள் காட்டப்பட்டால் தாக்க மதிப்பு 3. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்கள் முடிவு செய்ய இது உதவியது. நாளடைவில் யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நிதி என்று முடிவு செய்யும் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. சிக்கல் தொடங்கியதும் இங்கேதான்.

193 நோயாளிகள்

1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் தொடக்க ஆண்டுகளில் ஆய்வை வழிநடத்தினார்.

அவர்கள் முன் இருந்த கேள்வி மிகவும் நேரடியானது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். புதிதாக வந்த மருந்துகளை வீட்டில் வைத்தே கொடுத்தால் நோய் குணமாகுமா?

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் உண்டு. இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தது, சாப்பாடும் குறைவு. இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. வீட்டில் இருப்பவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் பரிசோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் நோய்க்கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியக்காரர்களுக்கு எடை அதிகம் கூடியிருந்தது. ஆனால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றிவிடுமோ என்ற பயம் இருந்ததே, அதுவும் உண்மையாகவில்லை என்று பின்னர் வந்த அறிக்கைகள் காட்டின. நோயைக் கட்டுப்படுத்தியது மலைக்காற்றோ முட்டையோ பாலோ அல்ல, தவறாமல் சாப்பிட்ட மருந்து!

இந்த முடிவு 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' இதழில் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் அச்சானது. இந்தியாவில் 1962ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. உலக நாடுகள் பலவும் சானடோரியங்களைக் கைவிட்டன.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் என்று எந்தத் தனிமனிதரின் பெயரும் போடப்படவில்லை. 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை' என்று மையத்தின் பெயர் மட்டுமே இருந்தது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் 'எச் இண்டெக்ஸ்' என்ற அளவுகோல் 2005ல் வந்தது. அந்த அளவுகோல்படி, காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய இந்தக் கட்டுரைக்காக அங்கே உழைத்த யாருக்கும் ஒரு புள்ளி கூடச் சேராது.

இன்னொன்றும் நடக்கிறது. ஓர் உண்மை எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவாகிவிட்டால் அதை முதலில் சொன்ன கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை விளக்கியிருக்கிறார். தண்ணீரில் கரைந்த உப்பைப் போல, கண்டுபிடிப்பு அறிவுக்குள் கரைந்துவிடுகிறது. சுவை இருக்கிறது, ஆனால் கல் தெரிவதில்லை. காசநோய்க்கு வீட்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் 1959 கட்டுரையை நினைத்துக் கொண்டா எழுதுகிறார்?

தாமதமாக வந்த மேற்கோள்கள்

அதே 1959ல் கொல்கத்தாவில் இதற்கு நேர்மாறான ஒரு கதை தொடங்கியது. சம்பு நாத் தே என்ற மருத்துவப் பேராசிரியர், காலரா கிருமி வெளியிடும் ஒரு நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயல் குடலில் செய்த சோதனை மூலம் நிறுவினார். ராபர்ட் காக் 1884லேயே அப்படி ஒரு நச்சு இருக்கலாம் என்று கருதியிருந்தார். அதற்கு நிரூபணம் கிடைக்க 75 ஆண்டுகள் ஆயின.

கட்டுரை வெளியானது உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில். ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் அதை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலரே. 1960களின் பிற்பகுதியில் அந்த நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகுதான் உலகம் தேயின் பக்கம் திரும்பியது. 1978ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். 1985ல் காலமானார். அடுத்த ஆண்டு, மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அதே கார்ஃபீல்ட், தேயின் பணி காலரா ஆய்வில் எவ்வளவு முக்கியமானது என்று மேற்கோள் வரைபடங்களை வைத்தே விளக்கிக் கட்டுரை எழுதினார்!

ஆக மேற்கோள் கணக்கு பொய் சொல்வதில்லை. காத்திருந்தால் உண்மையைச் சொல்லும். ஆனால் தாக்க மதிப்பு காத்திருப்பது 2 ஆண்டுகள் மட்டுமே.

அவசரமும் நிதானமும்

இரண்டு ஆண்டுக் கணக்கு எந்த வகை ஆய்வுக்குச் சாதகம்? 1992 இறுதியில் சென்னையில் ஒரு புதிய வகைக் காலரா கிருமி தென்பட்டது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமி பற்றிய முதல் கட்டுரைகள் 1993ல் 'லான்செட்' இதழில் வந்தன. புதிய ஆபத்து என்பதால் உலகம் முழுக்க உடனே கவனித்தார்கள். கொரோனா காலத்தில் இது உச்சத்தைத் தொட்டது. 'லான்செட் இன்ஃபெக்ஷஸ் டிசீசஸ்' இதழின் தாக்க மதிப்பு 2020ல் சுமார் 25. 2021ல் அதுவே 71. பிறகு 2023ல் சுமார் 36 என்று இறங்கிவிட்டது. இதழின் தரம் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு உயர்ந்து மறுபடி பாதியாகக் குறைந்ததா? இல்லை. ஏறி இறங்கியது உலகத்தின் பயம்.

மறுபக்கம் செங்கல்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைப் பார்க்கலாம். 1968ல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். அதன் 15 ஆண்டு முடிவு நம் நாட்டு இதழான 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்'சில் 1999ல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையை அது சொன்னது. இத்தகைய ஆய்வுக்கு 2 ஆண்டுகள் என்பது ஒரு கண் சிமிட்டும் நேரம்.

நரம்புச் சிலந்தி நோயும் சிந்திக்க வைக்கும். குடிநீரில் உள்ள நுண்ணுயிர் வழியாகப் பரவும் இது ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், தண்ணீரை வடிகட்டியும் படிக்கிணறுகளைச் சீர்செய்தும் ஒழித்தார்கள். 1996க்குப் பிறகு இந்தியாவில் நோயாளி இல்லை. 2000ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நோய் ஒழிந்தால் அதைப் பற்றிய ஆய்வும் குறையும், மேற்கோளும் குறையும். வெற்றியே எண்ணிக்கையைக் குறைத்துவிடும் விநோதம் இது!

நோய் ஒரு பக்கம், ஆய்வு ஒரு பக்கம்

அப்படியானால் எண்ணுவதே வீண் வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம், குணசேகரன் இருவரும் 1990 முதல் 1999 வரை வந்த காசநோய்க் கட்டுரைகளை எண்ணி 2002ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உலகக் காசநோய்ச் சுமையில் இந்தியாவின் பங்கு 23 சதவீதம். காசநோய் ஆய்வுக் கட்டுரைகளிலோ அதன் பங்கு 5 முதல் 6 சதவீதம்தான் என்று அவர்கள் காட்டினார்கள். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே ஆய்வு இல்லை என்பதை எண்ணிக்கையால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது.

ஆக, தவறு எண்களில் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த எண்ணைப் பதிலாகக் காட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஓர் இதழின் தாக்க மதிப்பை வைத்துத் தனி ஆய்வாளரை எடை போடக் கூடாது என்று 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும் இதைத்தான் வலியுறுத்தியது.

1956ல் தொடங்கிய அந்தச் சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது. 1959 கட்டுரைக்கு இதுவரை எத்தனை மேற்கோள்கள் கிடைத்தன என்று கணினியைத் தட்டினால் ஓர் எண் வரும். ஆனால் காசநோய் வந்தும் ஊரை விட்டுப் போகாமல், மாத்திரையைப் போட்டுக் கொண்டு, பிள்ளைகளோடு இருந்து குணமாகி மறுபடி வலையைத் தூக்கிய மீனவர்கள் எத்தனை பேர்? காரங்காடு போன்ற கடற்கரை ஊர்களில் இருக்கும் அந்தக் கணக்கு எந்த அட்டவணையிலும் ஏறாது. ஆய்வு நடந்தது அவர்களுக்காகத்தான்.